வெள்ளை ஈக்குள் வாழ்பவையும் வெளியே காயும் வெயிலும்



பயிர் நோய்களைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது நோயை அல்ல. நோயைச் சுமக்கும் பூச்சியின் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களைப் பற்றியும், அவற்றை வெயிலும் பயிரும் மருந்தும் எப்படி மாற்றுகின்றன என்பதைப் பற்றியும் பேசப் போகிறேன். சுற்றி வளைத்த வழி போலத் தோன்றலாம். ஆனால் ஒரு வயலில் நோய் பற்றிக்கொள்வதும் அடுத்த ஆண்டு அதே வயலில் பற்றாமல் போவதும் ஏன் என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

உளுந்தோ பச்சைப்பயறோ விதைத்துச் சில வாரங்களில் இலையில் மஞ்சள் புள்ளி தெறித்து, பிறகு இலை முழுதும் மஞ்சளாகிக் காய் பிடிக்காமல் போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வெண்டையில் நரம்பு மஞ்சளாகிறது. தக்காளியில் இலை சுருள்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்குத் தோட்டங்களில் இலை தேமலாகிக் கோணிக்கொள்கிறது, கிழங்கு சிறுத்துவிடுகிறது. "வைரஸ் விழுந்துவிட்டது" என்கிறார்கள் விவசாயிகள். சரியாகவே சொல்கிறார்கள். நான்கும் வேறு வேறு வைரஸ்கள். ஆனால் நான்கையும் செடிக்குச் செடி கொண்டுபோவது ஒரே பூச்சி: வெள்ளை ஈ. அறிவியல் பெயர் பெமிசியா டபாசி. (2016-க்குப் பிறகு பொள்ளாச்சித் தென்னைகளை வெளுக்க வைத்த சுருள் வெள்ளை ஈ வேறொரு இனம். அதைப் பற்றி இன்று பேசவில்லை.)

1889-இல் கிரேக்க நாட்டுப் புகையிலைச் செடிகளில் இந்தப் பூச்சியை முதன்முதலில் விவரித்து எழுதினார்கள். நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். நூற்றுக்கும் மேற்பட்ட பயிர் வைரஸ்களை இதனால் பரப்ப முடியும். இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெமிசியா டபாசி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் நாற்பதுக்கும் மேற்பட்ட தனித்தனி இனங்களின் கூட்டம். பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது, மரபணுவைப் படித்தால்தான் தெரியும். உள்நாட்டு வகைகள் இங்கே ஏற்கெனவே இருந்தன. 1999 வாக்கில் கர்நாடகத்தின் கோலார் பகுதித் தக்காளி வயல்களில் 'பி' வகை என்ற வெளிநாட்டு வெள்ளை ஈ வந்து இறங்கியது தெரியவந்தது. இலைச்சுருட்டை நோய் அங்கே பெருகிய காலமும் அதுவே.

இந்தப் பூச்சி குடிப்பதைக் கவனியுங்கள். செடியின் சாறு முக்கால்வாசி சர்க்கரைத் தண்ணீர். உடல் வளர்க்கத் தேவையான அமினோ அமிலங்கள் பலவும் அதில் போதுமான அளவு கிடையாது. வெள்ளை ஈக்கு அவற்றைத் தானே தயாரித்துக்கொள்ளவும் தெரியாது. அப்படியானால் அது எப்படிப் பிழைக்கிறது? அதன் வயிற்றுப் பகுதியில் சில தனிச் செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்களுக்குள் போர்ட்டியேரா என்ற பாக்டீரியா வாழ்கிறது. பூச்சி உறிஞ்சிய சாற்றிலிருந்து பூச்சிக்கு வேண்டிய அமினோ அமிலங்களை அது செய்து தருகிறது. தாயின் உடலிலிருந்து முட்டைக்குள் போய் அடுத்த தலைமுறைக்கும் சேர்ந்துவிடுகிறது. செடியின் சாற்றை உறிஞ்சும் இன்னொரு பூச்சியான அசுவினிக்கு இதே வேலையைச் செய்யும் பாக்டீரியாவின் பெயர் புக்னேரா. பூச்சிகளுக்குள் வாழும் நுண்ணுயிர்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் பால் புக்னரின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இந்தக் குடித்தனம் நேற்று தொடங்கியதன்று. அசுவினியும் புக்னேராவும் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்து வாழ்கின்றன. இத்தனை காலம் வெளியுலகையே பார்க்காமல் பூச்சியின் செல்லுக்குள் இருந்ததால், தேவைப்படாத மரபணுக்களை அந்த பாக்டீரியா ஒவ்வொன்றாக இழந்துவிட்டது. நம் குடலில் வாழும் ஈ.கோலையின் மரபணுத் தொகுதி 46 லட்சம் எழுத்துகள் கொண்டது. 2000-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் புக்னேராவின் தொகுதியை முழுமையாகப் படித்தபோது அதில் 6,40,000 எழுத்துகளே இருந்தன. போர்ட்டியேராவில் அதிலும் பாதி அளவுதான், ஏறத்தாழ 3,50,000. இழந்ததில் பழுது பார்க்கும் கருவிகளும் அடக்கம். வெப்பம் கூடினால் புரதங்கள் உருக்குலையும். சாதாரண பாக்டீரியாவுக்கு அதைச் சமாளிக்கப் பல வழிகள் உண்டு. புக்னேராவுக்கு மிஞ்சியிருப்பவை சிலவே.

அதனால் வெப்பம் என்று வரும்போது பூச்சியின் தாங்குதிறனை முடிவு செய்வது சில வேளைகளில் பூச்சியே அல்ல, அதற்குள் இருக்கும் இந்த மெலிந்த பாக்டீரியாதான். இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 2007-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நான்சி மோரனின் குழுவிலிருந்து வந்தது. பட்டாணி அசுவினியில் செய்த ஆய்வு அது. பட்டாணி, அவரைக் குடும்பப் பயிர்களில் வைரஸ்களைப் பரப்பும் பூச்சி என்பதால் நம் பொருளுக்கு நேரே வருகிறது.

புக்னேராவில் வெப்பத்தைச் சமாளிக்க உதவும் மரபணு ஒன்று உண்டு. வெப்பம் ஏறும்போது அதை முடுக்கிவிடும் பகுதியில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டுப் போனால் அந்த மரபணு சரியாக விழித்துக்கொள்வதில்லை. அப்படி ஓர் எழுத்தை இழந்த புக்னேராவைச் சுமக்கும் இளம் அசுவினிகளைச் சில மணி நேரம் 35 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைத்தார்கள். அவை சாகவில்லை. வளர்ந்தன. ஆனால் அவற்றில் பலவற்றால் குட்டி போட முடியவில்லை. உள்ளிருந்த புக்னேரா ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. ஆறரை லட்சம் எழுத்துகளில் ஒன்று குறைந்ததன் விளைவு இது.

இயற்கை ஏன் இப்படிப்பட்ட குறையுள்ள பாக்டீரியாவை விட்டுவைத்திருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். விடை அதே ஆய்வில் இருக்கிறது. குளிர்ந்த சூழலில், 15 முதல் 20 பாகை வரை உள்ள இடத்தில், எழுத்தை இழந்தவற்றைச் சுமக்கும் அசுவினிகளே முந்திக்கொண்டு குட்டி போட்டன. வெயில் ஆண்டில் தோற்பது குளிர் ஆண்டில் வெல்கிறது. எந்த பாக்டீரியா நிலைக்கும் என்பதை வானிலை தேர்ந்தெடுக்கிறது. 2015-இல் மோரனும் உடன் ஆய்வாளரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வெப்பம் தாங்காத புக்னேராவை அகற்றிவிட்டு, தாங்கும் புக்னேராவை அதே அசுவினி வம்சத்துக்குள் ஊசி வழியே செலுத்தினார்கள். அசுவினியின் வெப்பம் தாங்கும் திறன் உயர்ந்தது. பூச்சியின் சொந்த மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. எனக்குத் தெரிந்து பூச்சியியலில் இவ்வளவு சுத்தமாக ஒரு வாதத்தை நிறுவிய சோதனைகள் குறைவு.

புக்னேராவும் போர்ட்டியேராவும் இல்லாமல் பூச்சி பிழைக்காது. இவை தவிர, இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூச்சி பிழைத்துக்கொள்ளும் வேறு பாக்டீரியாக்களும் உண்டு. இவை வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட குடித்தனக்காரர்கள் போல: சில வீட்டில் சிலர் இருப்பார்கள், சில வீட்டில் எவரும் இருக்கமாட்டார்கள். ரிக்கெட்சியா, ஹாமில்டோனெல்லா, அர்சனோபோனஸ், வோல்பேக்கியா, கார்டினியம் ஆகியவை வெள்ளை ஈக்களில் காணப்படுபவை. எந்த வகை வெள்ளை ஈயில் எவை இருக்கும் என்பது மாறும். 'பி' வகையில் ஹாமில்டோனெல்லா வழக்கமாக இருக்கும். இந்திய உள்நாட்டு வகைகளில் அர்சனோபோனஸைப் பார்க்கலாம். சூழலின் கை மிக வேகமாக விளையாடுவது இந்தக் கூட்டத்தில்தான்.

அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில், அரிசோனாவின் பருத்தி வயல்களைச் சுற்றி, மாலி ஹண்டரின் குழு வெள்ளை ஈக்களைத் தொடர்ந்து சேகரித்து வந்தது. 2000-இல் நூற்றில் ஒரு வெள்ளை ஈயில் மட்டும் ரிக்கெட்சியா இருந்தது. ஆறே ஆண்டுகளில் அது நூற்றில் தொண்ணூற்றேழாகிவிட்டது. 2011-இல் இந்த முடிவு வெளியானபோது துறையே திகைத்தது. ரிக்கெட்சியா உள்ள வெள்ளை ஈக்கள் அதிகக் குஞ்சுகளை ஈன்றன, விரைவாக வளர்ந்தன, முழுப் பருவம் அடைந்தவை மிகுதி, பிறந்தவற்றில் பெண்ணின் பங்கும் மிகுதி. பெண் மூலமாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும் பாக்டீரியாவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கதை இங்கே முடிந்திருந்தால் ரிக்கெட்சியா வெள்ளை ஈக்கு எப்போதும் நன்மை செய்யும் என்று பாடநூலில் எழுதிவிடலாம். ஆனால் இஸ்ரேலில் ஏறக்குறைய அதே ரிக்கெட்சியாவைச் சுமக்கும் வெள்ளை ஈக்களில் இந்த நன்மை தென்படவில்லை. அங்கே அதன் பங்கு குறைந்து வந்தது. அரிசோனாவிலேயே பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது உச்சியிலிருந்து அது சரிந்திருந்தது. ஒரே பூச்சி, ஒரே பாக்டீரியா. இடமும் காலமும் மாறியதும் உறவின் கணக்கு மாறிவிட்டது. நான் இந்த எடுத்துக்காட்டில் நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டில் ஒரு பாக்டீரியா இப்படிச் செய்தது என்று படித்துவிட்டு, இங்கும் அப்படியே செய்யும் என்று எழுதப்படும் திட்ட அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

எந்தச் சூழல் இந்தக் கணக்கை மாற்றுகிறது? முதலில் வெப்பம். ரிக்கெட்சியா உள்ள வெள்ளை ஈக்கள் 40 பாகை வெப்பத்தில் அது இல்லாதவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடிப்பதை இஸ்ரேலில் முராத் கானிமின் ஆய்வகம் 2011-இல் காட்டியது. நம் கரூரிலும் வேலூரிலும் சித்திரை வெயில் 40 பாகையைத் தொடுவது புதிதல்ல என்பதால் இந்த எண்ணை நாம் கவனிக்க வேண்டும். மாறாக, அசுவினியிலும் வாழும் ஹாமில்டோனெல்லா வெயிலில் தோற்கும் இடமும் உண்டு. அசுவினியின் உடலில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவியிடமிருந்து அசுவினியை அது காக்கிறது. வெப்பம் கூடினால் அந்தக் காப்பு பலவீனப்படுகிறது. வெயில் அசுவினிக்கு எதிரியாகவும் குளவிக்குத் துணையாகவும் அப்போது வேலை செய்கிறது.

அடுத்தது செடி. தாய்வழியாக மட்டுமே இந்த பாக்டீரியாக்கள் பரவும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, ரிக்கெட்சியா உள்ள வெள்ளை ஈ உறிஞ்சிய செடியின் சாற்றுக் குழாய்க்குள் அந்த பாக்டீரியா போய்விடுவதையும், அதே இலையில் உறிஞ்சிய வேறு வெள்ளை ஈ அதைப் பெற்றுக்கொள்வதையும் காட்டியது. பருத்தியிலும் மணத்தக்காளி இனத்துச் செடியிலும் இது நடந்தது. ஆக, வரப்பில் நிற்கும் களையும் இந்தப் போக்குவரத்தில் ஒரு சந்திப்பாக இருக்கலாம். இலையின் மேல் வாழும் நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு. இலைப்பரப்பில் வாழும் சூடோமோனாஸ் வகைகளில் சில வெள்ளை ஈயைக் கொல்லும். ரிக்கெட்சியாவைச் சுமக்கும் வெள்ளை ஈ அந்தத் தாக்குதலைக் கூடுதலாகத் தாங்குகிறது.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதில் முடிவுகள் சீராக இல்லை. ரிக்கெட்சியா மிகுந்த வெள்ளை ஈக்கள் சில பூச்சிக்கொல்லிகளுக்கு எளிதில் மடிந்ததாக 2008-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் நோய் பரப்பாத இன்னொரு பூச்சியில் நடந்ததை விட்டுவிட மனம் வரவில்லை. ஜப்பானில் பயறுக் காய்களை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி ஒன்று தன் பாக்டீரியாவைத் தாயிடமிருந்து பெறுவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் மண்ணிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்கிறது. பெனிட்ரோதயான் என்ற பூச்சிக்கொல்லியைத் திரும்பத் திரும்ப ஊற்றிய மண்ணில் அந்த மருந்தையே உணவாக உண்ணும் பாக்டீரியாக்கள் பெருகின. அவற்றை எடுத்துக்கொண்ட நாவாய்ப்பூச்சிக்கு அந்த மருந்து ஏறவில்லை. 2012-இல் வெளியான முடிவு இது. மருந்து எதிர்ப்பு என்றால் பல தலைமுறைகள் பூச்சியின் மரபணு மாறி மாறி வருவது என்றே நாங்கள் படித்தோம். இங்கே ஒரே தலைமுறையில் மண்ணிலிருந்து வந்துவிட்டது.

இனி வைரஸுக்கு வருவோம். உள்ளே இருக்கும் பாக்டீரியா மாறினால் நோய் பரவுவது ஏன் மாற வேண்டும்?

வெள்ளை ஈ நோயுற்ற செடியில் உறிஞ்சும்போது வைரஸ் சாற்றோடு குடலுக்குப் போகிறது. குடல் சுவரைக் கடந்து உடல் திரவத்தில் கலக்கிறது. அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய், அடுத்த செடியில் உறிஞ்சும்போது உமிழ்நீரோடு இறங்குகிறது. சில மணி நேரம் பிடிக்கும் பயணம் இது. வழியில் வைரஸ் சிதைந்துவிடக்கூடும். ஹாமில்டோனெல்லா செய்யும் குரோஈஎல் என்ற புரதம் வைரஸோடு ஒட்டிக்கொண்டு அதைக் காக்கிறது என்பது இஸ்ரேலிய ஆய்வாளர்களின் முடிவு. 1999-இல் அவர்கள் இந்தப் புரதத்தை முடக்கும் எதிர்ப்பொருளை வெள்ளை ஈக்கு ஊட்டினார்கள். தக்காளி மஞ்சள் இலைச்சுருட்டை வைரஸைப் பரப்பும் திறன் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. 2012-இல் இந்தியாவிலும் பருத்தி இலைச்சுருட்டை வைரஸோடு அர்சனோபோனஸின் குரோஈஎல் புரதம் ஒட்டுவதைக் காட்டினார்கள். 2015-இல் பஞ்சாப் பருத்தியை வெள்ளை ஈ சூறையாடியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆய்வின் கனம் புரியும்.

இந்தக் குரோஈஎல் எந்த வேலைக்காகப் பிறந்த புரதம்? வெப்பத்தில் உருக்குலையும் புரதங்களை மறுபடி மடித்து நிமிர்த்துவதற்காக. வெயிலைத் தாங்க பாக்டீரியா வைத்திருக்கும் அதே கருவி வைரஸுக்குக் கவசமாகப் பயன்படுகிறது. அசுவினியில் இதே கருத்தைச் சிலர் மறுத்திருக்கிறார்கள். புக்னேராவின் குரோஈஎல், செல்லை விட்டு உடல் திரவத்துக்கு வருகிறதா என்பதே அவர்கள் ஐயம். ஐயம் நியாயமானது. வெள்ளை ஈயில் சான்று வலுவாக இருக்கிறது என்பது என் கருத்து.

நெற்பயிரில் இன்னும் வியப்பான ஒன்று நடக்கிறது. நெல் குட்டை நோய் வைரஸ் பச்சைத் தத்துப்பூச்சியின் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்று 1933-இலேயே ஜப்பானில் டெய்கிச்சி புகுஷி கண்டறிந்தார். எப்படிப் போகிறது என்று தெரிய 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தத்துப்பூச்சிக்குள் சல்சியா என்ற பழமையான பாக்டீரியா இருக்கிறது. அது தாயிடமிருந்து முட்டைக்குள் போகும்போது வைரஸ் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே போய்விடுகிறது. சீன ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பு இது. நம் ஊரில் துங்ரோ நோயைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சி இதற்கு நெருங்கிய இனமே. ஆனால் துங்ரோ முட்டை வழியாகப் போவதில்லை. ஆகவே இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதையெல்லாம் வைத்து நோயைத் தடுக்க முடியுமா? முயற்சிகள் நடக்கின்றன. 2020-இல் ஒரு குழு, வேறொரு தத்துப்பூச்சியில் இருந்த வோல்பேக்கியாவை நெல்லைத் தாக்கும் புகையானுக்குள் செலுத்தி நிலைநிறுத்தியது. அப்படிப்பட்ட புகையானுக்கு நெல்லில் வைரஸைப் பரப்பும் திறன் குறைந்தது. டெங்கு பரப்பும் கொசுவில் இதே உத்தி களத்துக்கே வந்துவிட்டது. புதுச்சேரியில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்ப் பரப்பி ஆய்வு மையம் வோல்பேக்கியா உள்ள கொசு வம்சங்களை உருவாக்கியிருக்கிறது. ஆனால் கொசுக்காரர்கள் கற்ற பாடத்தைப் பயிர்க்காரர்களும் கற்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வெற்றி பெற்ற வோல்பேக்கியா வகை, பகலில் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் கொசுவின் உடலிலிருந்து குறைந்துபோவது ஆய்வகத்தில் தெரிந்தது. வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் வேறு வகையை மலேசியாவின் கோலாலம்பூர்ப் பகுதியில் தேர்ந்துகொண்டார்கள். தேங்கிய நீரில் வளரும் கொசுப்புழுவுக்கே இந்தக் கதி என்றால், உச்சி வெயிலில் உளுந்து இலையில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈயின் குஞ்சு எவ்வளவு சூட்டைச் சந்திக்கும்?

நோயைத் தாங்கும் ரகங்களை வளர்ப்பதே இன்றைக்கு உழவருக்குக் கைகொடுக்கும் வழி. புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி நிலையம் மஞ்சள் தேமலைத் தாங்கும் உளுந்து ரகங்களைத் தந்திருக்கிறது. குச்சிக்கிழங்குக்கு நோயில்லாத கரணையைத் தேர்ந்து நடுவதும் அப்படியே. இதை விட்டுவிட்டு பாக்டீரியாவைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ரகம் தாங்கும் திறனை இழக்கும் ஆண்டு வரும். அன்று என்ன மாறியது, வைரஸா, வெள்ளை ஈயின் வகையா, அதற்குள் இருக்கும் பாக்டீரியாவா, அவ்வாண்டின் வெயிலா என்று கேட்டால் நம்மிடம் பழைய பதிவு இருக்க வேண்டும்.

அரிசோனாவில் நூற்றுக்கு ஒன்று தொண்ணூற்றேழானதை உலகம் அறிந்தது, ஆண்டுதோறும் ஒருவர் வயலுக்குப் போய்ப் பூச்சி பிடித்து வைத்ததால்தான். இந்திய வெள்ளை ஈக்களில் எந்தெந்த பாக்டீரியாக்கள் உள்ளன என்று பட்டியலிட்ட ஆய்வுகள் வந்திருக்கின்றன. பட்டியலோடு நிற்காமல், ஒரே வயலை மாதந்தோறும் பார்க்கும் தொடர்பதிவு நமக்கு வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. விலங்கியல், தாவரவியல், வேளாண்மை படிக்கும் மாணவர்களால் முடியும். ஊருக்குப் பக்கத்தில் ஒரு வயலைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாதம் ஒருமுறை முப்பது, நாற்பது வெள்ளை ஈக்களைப் பிடித்து எத்தனால் ஊற்றிய சிறு குப்பியில் போடுங்கள். தேதி, பயிர், ரகம், அந்த வாரத்து வெப்பம், அடித்த மருந்து, தேமல் எத்தனை செடியில் என்று ஒட்டுத்தாளில் எழுதி உறைபெட்டியில் வையுங்கள். பாக்டீரியாவைக் கண்டறியும் பிசிஆர் சோதனையைப் பிறகு செய்துகொள்ளலாம். இன்று சோதிக்க வசதியில்லாவிட்டாலும் பிடித்து வைத்த பூச்சி காத்திருக்கும், பிடிக்காமல் விட்ட ஆண்டு திரும்பக் கிடைக்காது. உழவர் பெருமக்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மாணவர்கள் வந்தால் வயலுக்குள் விடுங்கள், என்ன மருந்து எப்போது அடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வரும் தைப்பட்ட உளுந்திலிருந்தே தொடங்குங்கள்.